மூடுபனியில் பூட்டியிருந்த வீடு

1. ஆயாவின் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாளன்று வேலையிலிருந்து சீக்கிரமாக வந்தேன்.
2. வீடு பூட்டியிருந்தது.
3. ஆயா பார்வதியக்காவும் இல்லை, என் ஒன்றரை வயது மகளும் இல்லை.

அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. அன்று மூடுபனி மலையையே விழுங்கியிருந்தது. கனவில் நடப்பதுபோல் மகளைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். அந்த வெண்மைக்குள் எங்கிருந்தோ பிள்ளைகளின் சிரிப்பு மிதந்து வந்தது. அதைத் தொடர்ந்து போனேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் தம் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவம் அது. உள்ளே, தொங்கும் தொட்டில்களுக்கு நடுவே பார்வதியக்காவின் மடியில் என் மகள் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே அக்கா! இனி உங்களை நம்பி எப்படிப் பிள்ளையை விடுறது?”

“சொல்லியிருந்தா வேணாம்னுருப்பீங்க. நாள் பூரா பாப்பாவும் நானும் சுவத்துகூடவாங்க பேசிகிட்டு இருக்கறது? அப்படித்தான்னா வேற ஆளப் பாத்துக்குங்கம்மா.”

அவர் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்பது உண்மைதான். மாலையில் கோபம் தணிந்து பேசினோம். ஒப்பந்தத்தில் இரண்டு விடயங்கள் கூடின: காலையில் பிள்ளைமடுவத்துக்குப் போகலாம், எங்கே போனாலும் முன்கூட்டியே எனக்குச் சொல்ல வேண்டும். நானும் இப்போது, மறுப்பதற்கு முன் ஏன் என்று கேட்கிறேன்.

புதுப்பித்த ஒப்பந்தப்படி பார்வதியக்கா இன்னும் ஒரு வருடம் எங்களோடு இருப்பார்.