வெடிப்புக்கு முன்னால் போன செய்தி

திருமலைச்சாமி பழனி அடிவாரத்தில் விபூதி, குங்குமம் விற்கும் குடும்பத்தில் பிறந்தவர். கடையை அண்ணன்மார் பார்த்துக்கொண்டார்கள். இவர் மதுரையில் பௌதிகம் படித்துவிட்டு, கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். முதல் வருஷம் குளிர் தாங்காமல் வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். பிறகு வடிவைக் கட்டிக்கொண்டார், லீலா பிறந்தாள், குளிரும் பழகிப்போனது.

வானம் தெளிந்த காலைகளில் சூரியனிலுள்ள கரும்புள்ளிகளின் காந்த வலிமையை அளப்பது அவர் வேலை. எந்தப் புள்ளிக்கூட்டம் வெடித்துச் சுடர் கக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று அவரும் மேலதிகாரியும் சேர்ந்து முயன்றுகொண்டிருந்தார்கள். பெரிய சுடர் எழுந்தால், பகலாக இருக்கும் நாடுகளில் சிற்றலை ரேடியோ கொஞ்ச நேரத்துக்குச் செத்துவிடும். கணிப்பு பல தடவை பொய்த்தது. 1960 கோடையில் இரண்டு முறை, “இன்னைக்கு வெடிக்கும்” என்றார் திருமலைச்சாமி. சூரியன் சாதுவாக இருந்துவிட்டது. அதிலிருந்து, “சாமி இன்னைக்குக் குறி சொல்லியாச்சா?” என்று ஆபீஸில் கேட்டுச் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் கார்த்திகையில் புயல் மழை. பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து ரோட்டை மூடியது. தந்திக் கம்பி அறுந்தது, கரண்டும் போனது. அந்த நேரம் பார்த்து லீலாவுக்குக் காய்ச்சல் கண்டு கழுத்து வீங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் இராமலிங்கம் வாயைத் திறந்து பார்த்து, “தொண்டை அடைப்பான்” என்றார். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் அதே நோயோடு படுத்திருந்தார்கள். ஊசி மருந்து மதுரையிலிருந்துதான் வரவேண்டும். அதைக் கேட்க இருந்த ஒரே வழி போலீஸ் ஸ்டேஷனிலிருந்த சிற்றலை வயர்லெஸ். அதிலும் பாட்டரி தீரப்போகிறது. ஒரு செய்திதான் போகும் என்று ஏட்டு சுப்புராஜ் சொல்லிவிட்டார்.

மலைமேல் தள்ளியிருந்த கிளாவரைக் கிராமத்துப் பக்கமும் நோய் இருப்பதாகக் கேள்வி. அங்கே அனுப்பிய ஆள் சாயங்காலம் திரும்புவார். எத்தனை பிள்ளைகள் என்று தெரிந்துகொண்டு மொத்தமாகக் கேட்கலாம் என்று டாக்டர் இருந்தார்.

மறுநாள் காலை மேகம் கலைந்தது. மகளை வடிவிடம் விட்டுவிட்டு, வேலையில் மனம் ஓடாமலேயே திருமலைச்சாமி ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார். கரண்ட் இல்லாததால் கண்ணாடியைக் கையால் திருப்பித் திருப்பித்தான் சூரிய பிம்பத்தைப் பிடிக்க முடிந்தது. மழைக்கு முன்னால் சின்னதாக இருந்த புள்ளிக்கூட்டம் ஒன்று பெரிதாகப் பரவியிருந்தது. அளந்து பார்த்தவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார்.

“எனக்கும் வெடிக்கும்னுதான் படுது. எப்பன்னு மட்டும் யாராலயும் சொல்ல முடியாதுப்பா.”

திருமலைச்சாமி ஈர ரோட்டில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

“டாக்டர், சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டாங்க. இப்பவே செய்தியை அனுப்பிடுங்க. சூரியன்ல வெடிப்பு வந்தா வயர்லெஸ் எடுக்காது. திரும்பத் திரும்ப முயற்சி பண்ண பாட்டரியும் இருக்காது.”

“எதை வச்சுச் சொல்றீங்க?”

“கரும்புள்ளிகள்லாம் காந்தம் மாதிரிங்க. வடக்கு ஒரு பக்கம், தெற்கு ஒரு பக்கம்னு ஒதுங்கி இருந்தா பெரும்பாலும் தொந்தரவு இல்லை. இந்தக் கூட்டத்துல ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து கெடக்கு. இப்படிக் கெடந்தா வெடிக்கிறதுக்கு வாய்ப்பு அதிகம்.”

டாக்டர் அவர் முகத்தையே பார்த்தார். “சூரியனைப் பார்த்துச் சொல்றீங்களா, உங்க பொண்ணைப் பார்த்துச் சொல்றீங்களா?”

காலையிலிருந்து திருமலைச்சாமி தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. “எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியலைங்க. ஆனா என் அதிகாரியும் பார்த்தாரு. அவருக்கு இங்க பிள்ளை இல்லை.”

கட்டிலில் லீலா மூச்சுக்குத் திணறும் சத்தம் கேட்டது. டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டார். “கிளாவரைக்கு உத்தேசமா ஒரு கணக்குப் போட்டுக் கேட்டுருவோம். குறைஞ்சா அப்புறம் பார்க்கலாம். வாங்க.”

ஸ்டேஷனில் ஏட்டு சுப்புராஜ் செய்தியை நிதானமாக வாசித்தார். இரைச்சலுக்கு நடுவே மதுரை திரும்பச் சொல்லச் சொன்னது. மறுபடி வாசித்தார். கடைசியில், “கிடைத்தது, அனுப்புகிறோம்” என்று குரல் வந்தது. ஏட்டு வயர்லெஸ் பெட்டியை நிறுத்தினார்.

உச்சிவேளை தாண்டியதும் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்து, புள்ளிக்கூட்டத்தில் பெரிய சுடர் எழுந்ததாகச் சொன்னார். திருமலைச்சாமி ஸ்டேஷனுக்கு ஓடி ஏட்டிடம் சொன்னார். ஏட்டு நம்பாமல் பெட்டியை மறுபடி போட்டுப் பார்த்தார். வழக்கமான கரகரப்புகூட இல்லை. கிணற்றுக்குள் காது வைத்த மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்டரி விளக்கும் மங்கி அணைந்தது. திருமலைச்சாமி பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கணிப்பு பலித்ததை அப்போது அவர் நினைக்கவே இல்லை. செய்தி போய்விட்டது என்ற ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தார்.

சாயங்காலம் கிளாவரைக்குப் போனவர் வந்தார். அங்கே இருந்தது வெறும் சளிக்காய்ச்சல்தான்.

அடுத்த நாள் வெள்ளனே மருந்துப்பெட்டி வந்து சேர்ந்தது. ஜீப் சரிவு வரைக்கும்தான் வந்ததாம். அங்கிருந்து ரோடு வேலைக்காரர்கள் இடுப்பளவு சேற்றில் இறங்கி, பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் கை மாற்றிக் கடத்தியிருந்தார்கள். மூன்று பிள்ளைகளுக்கும் ஊசி போட்டார் டாக்டர். அன்று முழுக்க வடிவு கட்டிலை விட்டு நகரவில்லை. மறுநாள் லீலாவின் மூச்சு சீரானது. கம்மிய குரலில், “அம்மா, பசிக்குது” என்றாள். வடிவு சிரித்தாள், அழுதாள், கஞ்சி ஆற்றினாள், எல்லாம் ஒரே நேரத்தில்.

அதற்குப் பிறகும் திருமலைச்சாமியின் கணிப்புகள் சில பலித்தன, பல தவறின. தவறினால் முன்னைப்போல வருத்தப்படுவதில்லை. “வெடிக்கலையா? நல்லதுதானே” என்பார்.