ரெஜிபோமுக்குப் பின்னால் என் சுவர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன்; நான்கு நான் பெற்றது, ஒன்று செத்துப்போன அக்காவினது. ஆரையம்பதியில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் இந்த வீட்டை நானும் என் புருஷனும் கையால் கட்டினோம். முன் அறைச் சுவருக்குச் சாந்து பூசியவள் நான். அவர் குழைத்துத் தந்தார், அவ்வளவுதான்.

எங்கள் வழக்கப்படி வீடு கடைசி மகளுக்குப் போனது. மாப்பிள்ளை கரடியனாற்றிலிருந்து வந்தார். வயல்காரர், நல்ல உழைப்பாளி. கலியாணம் முடிந்த வருசம் நான் கதிர்காமத்துக்கு நடந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால் என் சுவரைக் காணவில்லை. மேலிருந்து கீழ்வரை, பஞ்சு மாதிரிப் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் தகடுகள் ஒட்டிக் கிடந்தன. மணவறைச் சோடனைக்கு வெட்டுவார்களே, அதே சாமான். அறை குளிராக இருக்குமாம் என்றாள் மகள்.

ஒட்டியது மாப்பிள்ளை. என் பூச்சு அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். கேட்கவும் முடியாது. எங்கள் பக்கத்தில் மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது குறைவு. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன். மகள் இல்லாவிட்டால், அவருக்குக் கேட்கிற மாதிரிப் பூனையிடம் சொல்வேன். அவரும் பூனைக்கே மறுமொழி சொல்வார். ஆனால் சுவரைப் பற்றி நான் பூனையிடமும் வாய் திறக்கவில்லை.

பேத்தி பிறந்து, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டாள். போன மாரியில் ரெஜிபோமுக்குப் பின்னால் எறும்பு குடியேறி, வெள்ளை மணி மணியாகக் கொட்டத் தொடங்கியது. சோற்றுக் கோப்பையிலும் விழுந்தது. கழற்றும்படி மகள் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். மழை விட்டபின், அவள் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள் அவர் தொடங்கினார். கத்தியால் கிளப்பினால் தூள் தூளாக வந்தது. பசை இளகட்டும் என்று பெற்றோல் பூசினார். ரெஜிபோம் கரைந்து சுவரில் வழிந்தது.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பூனையைப் பார்த்து, "இந்த மனிசன் என்ட சுவரைச் சீனிப்பாணியில ஊறப் போடுறார்" என்றேன்.

"அப்ப என்னதான் செய்யிறதாம்?" என்று அவரும் பூனையிடம் கேட்டார்.

என் புருஷன் வாவியில் தூண்டில் போட்ட தங்கூசிச் சுருளை எடுத்து வந்தேன். அந்த நைலோன் இழையைத் தகட்டுக்கும் சுவருக்கும் இடையில் கொடுத்து இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தால் வாள் மாதிரி அறுக்கும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். பூனை இழுக்காது. ஒரு நுனியை அவரிடம் நீட்டி, "இழுங்க மருமகன்" என்றேன். கொஞ்சம் திகைத்துவிட்டு இழுத்தார். அதன்பின் இழுங்க மாமி, விடுங்க மருமகன் என்று எங்கள் வாய் நிற்கவில்லை. தகடுகள் முழுசு முழுசாக விழுந்தன. என் பூச்சு அப்படியே இருந்தது.

நடுத் தகட்டுக்கு வந்ததும் அவர் கை நின்றது. இது மட்டும் கிடக்கட்டும் என்றார். நான் என் நுனியை விடவில்லை.

தகடு விழுந்தது. சுவரில் அண்டா வாய் அளவுக்கு ஒரு பள்ளம். அதற்குள் காய்ந்து வெடித்த களிமண்.

நான் கதிர்காமத்துக்குப் போயிருந்தபோது பிள்ளையார் படம் மாட்ட ஆணி அடித்தாராம். பூச்சு பெயர்ந்து விழுந்ததாம். சீமெந்து வேலை தெரியாததால், வரம்பு உடைந்தால் அடைக்கிற மாதிரி வயல் களியைக் கொண்டுவந்து அடைத்தாராம். அது வெடித்ததும் சுவரையே மூடிவிட்டு, மகளும் வாய் திறக்கக் கூடாதென்று சொல்லி வைத்தாராம்.

"நீங்க பூசின சுவரெண்டு ஊருக்கெல்லாம் காட்டுவீங்க. அதை உடைச்சுப்போட்டன் எண்டு எந்த முகத்தோட சொல்லுறது மாமி?" என்றார்.

"வரம்பு கட்டினதோட நிப்பாட்டிட்டீங்களே. நெல்லையும் விதைச்சிருக்கலாம்" என்றேன்.

மகள் சந்தையால் வந்தபோது நாங்கள் இருவரும் ரெஜிபோம் குவியலுக்கு நடுவே இருந்து கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவள் பயந்தே போனாள்.

பசையைச் சுரண்டி எடுத்தோம். அவர் சாந்து குழைத்தார், சுரண்டிய இடங்களில் நான் பூசினேன். பள்ளத்தை மட்டும் அவரையே பூசச் சொன்னேன். என் பூச்சுக்கு அது ஒரு படி குறைவுதான். ஆனாலும் வருகிறவர்களுக்கு இப்போது அந்த இடத்தைத்தான் முதலில் காட்டுகிறேன். பிள்ளையார் படமும் அங்கேதான் தொங்குகிறது. ஆணியை நான் அடித்தேன்.

எழுத்துக் கூட்டி இவ்வளவும் எழுதியதில் கை உளைகிறது. பேத்தி வாசலில் இருக்கிறாள். அவளுடைய அப்பா குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றுகிறார்.

"இஞ்ச வா மனே, இதை ஒருக்கா வாசி. உங்கட அப்பாக்குக் கேக்கிற மாதிரிப் பலமா வாசி."