நோயாளி நாற்காலி

மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது அவளுடைய வேலை. ஆனால் ஆறு வருடங்களாக வியாழக்கிழமை மட்டும் அவள் நோயாளி. பாடம் நடத்தும் டாக்டரம்மா கொடுக்கும் காகிதத்தில் உள்ள வியாதியை மனப்பாடம் செய்துகொண்டு மாணவர்கள் முன்னால் உட்காருவாள். அவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டு அது என்ன வியாதி என்று கண்டுபிடிக்க வேண்டும். யாராவது பேர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்பவள், அந்த நாற்காலியில் மட்டும் வாய் திறப்பாள். இருபது பேர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

இந்த வருடம் வகுப்பு ஆன்லைனுக்குப் போய்விட்டது. மாணவர்கள் அவரவர் வீட்டில், நோயாளி கேமரா முன்னால். ஒத்திகையில் அவளால் கேமராவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மூன்று தடவையும் மடியைப் பார்த்தே பேசினாள்.

அவள் வீட்டில் மறந்துவைத்த சாப்பாட்டு டப்பாவோடு அந்த நேரம் பார்த்து வந்து நின்றாள் ஓரகத்தி, கணவருடைய தம்பியின் மனைவி. வெளிச்சம் சரிபார்க்க ஓரகத்தியை ஒரு நிமிடம் அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

"ஐயோ, டிவியில வர்றேனா? முன்னாடியே சொல்லியிருந்தா பவுடர் போட்டுட்டு வந்திருப்பேனே!"

டாக்டரம்மா சிரித்துவிட்டு அவளிடம் திரும்பினார். "இவங்களே பண்ணட்டும். எல்லாத்தையும் நீங்க சொல்லிக் கொடுத்துடுங்க."

ஆறு வருட நாற்காலி ஒரு நிமிடத்தில் கைமாறிவிட்டது. ஓரகத்தி கொண்டுவந்த டப்பாவை அவள் அன்று திறக்கவே இல்லை.

இரண்டு நாள் வீட்டுச் சமையலறையில் வைத்து ஓரகத்திக்குச் சொல்லிக் கொடுத்தாள். மூட்டுவலி மாத்திரையைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கி, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, சோகை பிடித்த பெண்ணின் கதை. எப்படி மூச்சு வாங்குவது, எங்கே நிறுத்துவது, எல்லாம் காட்டினாள். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டாள். மாத்திரையைப் பற்றி மாணவர்கள் கேட்டால்தான் சொல்ல வேண்டும். கேட்கும்வரை அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது.

வியாழக்கிழமை வந்தது. "உங்களுக்கு என்ன பண்ணுது?" என்று ஒரு மாணவன் கேட்டதுதான் தாமதம்.

"மூட்டுவலி மாத்திரைய அஞ்சு மாசமா முழுங்குறேன் தம்பி. வெளிக்குப் போனா தார் மாதிரி கறுப்பு. உள்ள ரத்தம் கசியுதாம்!"

திரையில் இருபது கட்டங்களும் குலுங்கிச் சிரித்தன. "அவங்களே கண்டுபிடிச்சுட்டாங்க மேடம், நாங்க சாப்பிடப் போகலாமா?"

"கேட்டா மட்டும் சொல்லணும்னு அக்கா சொல்லலையா?" என்றார் டாக்டரம்மா.

ஓரகத்தி கதவோரம் நின்றவளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"சொன்னாங்க டாக்டரம்மா. நான்தான் கேமராவப் பாத்ததும் உளறிட்டேன்."

"பரவாயில்ல, பசங்களுக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. அடுத்த வாரமும் வந்துடுங்க."

நாற்காலி போனது போனதுதான். நல்லவள் என்ற பேரும் ஓரகத்திக்கே போய்விட்டது.

இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அங்கே நின்றதும் ஓரகத்தி மெல்லக் கேட்டாள்.

"ஏங்க்கா, வேற ஏதாச்சும் சொல்லாம விட்டிருக்கீங்களா?"

"நீ கேக்கலையே."

ஓரகத்தி வாய்விட்டுச் சிரித்தாள். எந்த மைக்கிலும் கணீரென்று கேட்கும் சிரிப்பு. மூத்தவள் பேருந்து வரும் திசையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.