பரிசுப் பசுவின் கால்

தாகிமோத்தோவின் மூன்று விலா எலும்புகளை முறித்தது அவருடைய செல்லப் பசு ஹானாயே. மாட்டுக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியவள். ஊசி போடப் போனவரை ஒரே உதையில் சுவரோடு சாத்திவிட்டாள்.

உதைக்கிற மாட்டின் காலில் சிவப்புப் பட்டை கட்டுவது ஜப்பானின் அந்த ஹொக்கைடோ வட்டாரத்தில் வழக்கம். பார்த்ததும் ஆள் எச்சரிக்கையாகிவிடலாம். ஆனால் பரிசுப் பசுவுக்கு அந்த அவமானமா? மருத்துவமனைப் படிவத்தில், பனியில் வழுக்கி விழுந்ததாகக் கூசாமல் எழுதினார் மனிதர்.

நெஞ்சிலிருந்த காயத்தைப் பார்த்த டாக்டர், "இந்தப் பனிக்குக் குளம்பெல்லாம் இருக்கும் போல!" என்றார். இவரும் சேர்ந்து சிரித்து வைத்தார்.

அவர் படுத்துவிட்டதால் பால் கறக்க நட்சுமே என்ற பெண் மாற்று ஆளாக வந்தாள். தொழுவத்துக்குள் நுழையும் முன்பே கேட்டாள்.

"உதைக்கிற மாடு ஏதாச்சும் இருக்கா, தாகிமோத்தோ சான்?"

"எல்லாம் பச்சப்புள்ளைங்க மாதிரி. தைரியமா போம்மா."

மூன்றாம் நாள் காலை, ஹானாயேயின் மடியில் கறவை இயந்திரத்தை மாட்டக் குனிந்தவளின் வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது.

மறுவாரம், அதே டாக்டர் போட்ட மாவுக்கட்டோடு அவள் அவர் வீட்டுக்கு வந்தாள். வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறாள் என்று தாகிமோத்தோ தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் திட்டவில்லை. விபத்துப் படிவத்தை அவர் முன்னால் வைத்து, இடது கையால் பேனாவை நீட்டினாள்.

"என்னால எழுத முடியல, நீங்களே எழுதுங்க. எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டிருக்காங்க பாருங்க, அந்த எடத்துல எனக்கும் பனின்னே போட்டுரலாமா?"