இன்ஜின் இல்லாமல் வரிசையில் நின்ற வண்டி

ஆனையூர் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரே ஒரு வண்டியைத்தான் பெண் ஓட்டினாள். அவள் பெயர் பாண்டிமீனா, மேலூர்ப் பக்கத்துக்காரி. முதலில் அந்த வண்டியை ஓட்டியவர் அவள் கணவர் சின்னான். ஒரு விபத்தில் அவருக்கு இடுப்பு போனது. வண்டியை விற்றுவிடு என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொன்னார்கள். அவள் விற்கவில்லை. லைசென்ஸ் எடுத்தாள், காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள்.

என் மாவுக்கடை ஸ்டாண்டுக்கு நேர் எதிரே. கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் எனக்கு வேறு வேலை கிடையாது. அந்த வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரிடமும் அதிகம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. அதனாலோ என்னவோ, என் காது கேட்க எல்லோரும் எல்லாமும் பேசுவார்கள்.

2003 மாசி மாதம் மீனாவின் வண்டி புகை கக்க ஆரம்பித்தது. மேடு ஏறவில்லை. பக்கத்துத் தெருவில் மெக்கானிக் தவசியின் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். நான் அங்கே மாவு கொடுக்கப் போனபோது இன்ஜின் பிரிந்து சாக்கின்மேல் கிடந்தது. பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்திருந்தன. அவற்றை மாற்றியே ஆக வேண்டும், அதில் பேச்சில்லை. பேச்சு பிஸ்டனுக்குக் கீழே சுழல்கிற கிராங்கைப் பற்றி.

"கையை வச்சு ஆட்டிப் பாரு தங்கச்சி" என்றார் தவசி.

அவள் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தாள். லேசாக டக் டக்கென்றது.

"இதை இப்பிடியே போட்டா எம்புட்டு நாள் ஓடும்ணே?"

"ரெண்டு வருசமும் ஓடும், ரெண்டு நாள்லயும் நிக்கும். மேல புதுப் பிஸ்டன் வந்துட்டா அடி பலமா விழும். கீழ இருக்க பழசு அதைத் தாங்கணும்ல."

"அப்ப மாத்திருங்க."

"மாத்தலாம். கோச்சடை லேத்துலதான் புது ராடை கிராங்குல அழுத்தித் தருவாங்க. அந்த ஆளு சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போய்ட்டாரு. பட்டறை பூட்டிக் கெடக்கு. வந்து, வேலை முடிய பத்துப் பன்னெண்டு நாளாகும். பழசையே மாட்டுனா நாளைக்குச் சாயங்காலம் வண்டி ரெடி."

அவள் ஸ்டாண்டு இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஏன் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் வரிசையில் நிற்காத வண்டிக்கு ஸ்டாண்டில் இடம் கிடையாது. அது அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி. போன இடம் போனதுதான். வேறு ஸ்டாண்டில் ஒரு பெண்ணைச் சேர்க்கவும் மாட்டார்கள். ஸ்டாண்டுத் தலைவர் அழகுமலையின் மச்சினன் புது வண்டி எடுத்து, ஒரு இடம் காலியாவதற்குக் காத்திருந்தான்.

அழகுமலையே கொட்டகைக்கு வந்தார். அக்கறையாகத்தான் பேசினார்.

"ஏம்மா மீனா, ரிங்கை மட்டும் மாத்திட்டு வந்து சேரு. கிராங்க் கிராங்க்னு உக்காந்திருந்தா இடம் போயிரும். பெறகு என்னையச் சொல்லக் கூடாது."

"நடு ரோட்டுல நின்னா என்னண்ணே சொல்லுவீங்க? பொம்பள ஓட்டுனா இப்பிடித்தான்னு தான சொல்லுவீங்க?"

"நான் சொல்லல. ஊரு சொல்லும்."

"ஊருக்கு அந்தப் பேச்சை நான் குடுக்கப் போறதில்ல. தவசிண்ணே, கிராங்கை மாத்துங்க."

அழகுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. மீனா வெகுநேரம் இன்ஜின் இல்லாத வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நான் கடை திறக்கும்போது தெருமுனையில் அவள் வண்டி வந்துகொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். உள்ளே சின்னான் ஹேண்டில்பாரைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். பின்னால் மீனா குனிந்து தள்ளினாள். இன்ஜின் இருந்த இடம் வெறும் பொந்தாக இருந்தது.

"என்ன மாப்ள, பொண்ணு தள்ள மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று வரிசையில் நின்ற சோலை கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"மேளத்துக்குச் சொல்லிருக்கு, நீ வந்து வாசி" என்றார் சின்னான்.

வண்டி வரிசையின் கடைசியில் போய் நின்றது. அழகுமலைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து வந்தார்.

"இது என்னம்மா கூத்து? ஓடாத வண்டிய எதுக்கு இங்க கொண்டாந்த?"

"வரிசையில நிக்கணும்னு தானண்ணே விதி? நிக்குது."

"சவாரி வந்தா?"

"பின்னால இருக்க வண்டிக்கு விட்டுக் குடுத்துட்டு, நான் கடைசிக்குப் போறேன்."

ஸ்டாண்டில் முன்வண்டி போனதும் அடுத்தவர்கள் யாரும் இன்ஜினை எழுப்ப மாட்டார்கள். பெட்ரோல் வீணாகும் என்று கையால் தள்ளித்தான் முன்னே நகர்த்துவார்கள். அவளும் அப்படியே தள்ளி நகர்ந்தாள். முதல் இடத்துக்கு வந்ததும் ஏற வந்தவரைப் பின்வண்டிக்குக் காட்டினாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு கடைசிக்குத் தள்ளிப் போனாள். வெயிலில் காக்கிச் சட்டை முதுகில் ஒட்டியது. சின்னானுக்கு இடுப்பு வலித்திருக்கும். மத்தியானம் வரை ஹேண்டில்பாரை விடவில்லை.

அழகுமலை மற்றவர்களைக் கூட்டிப் பேசினார். இதை அனுமதித்தால் ஸ்டாண்டின் மானம் என்ன ஆவது என்றார். யாரும் அசையவில்லை. அவளுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு ஒரு சவாரி முன்கூட்டியே கிடைக்கிறது. ஆளுக்கு ஒருமுறை அந்த இடம் வந்துகொண்டே இருந்தது.

"விதிப்படிதானண்ணே நிக்குது" என்றான் சோலை, காலையில் சிரித்த அதே சோலை. "அது பாட்டுக்கு நிக்கட்டும்."

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். மச்சினன் ஒருநாள் புது வண்டியோடு வந்து எதிர்ப்பக்கம் நிறுத்திப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஒருநாள் சின்னானால் எழவே முடியவில்லை. அன்றைக்கு அவள் ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து, பக்கவாட்டில் நின்று தனியாகவே தள்ளிக்கொண்டு வந்தாள். திருப்பத்தில் சிரமப்பட்டாள். நான் கடையை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் பின்னால் கை கொடுத்தேன்.

"மாவு புளிச்சிரும், போங்கக்கா" என்றாள்.

லேத்துக்காரர் வந்ததும் கிராங்கைப் பையில் போட்டுக் கோச்சடைக்கு அவளே பஸ்ஸில் எடுத்துப் போனாள். புது ராடு ஏறியது. தவசி இன்ஜினை வண்டியில் மாட்டினார். கொட்டகையிலிருந்து வண்டி வரும் சத்தம், அது கண்ணில் படுமுன்பே என் கடைக்குக் கேட்டது. புகை இல்லை, கடகடப்பு இல்லை. அவள் யாரையும் பார்க்காமல் வழக்கம்போல் வரிசையின் கடைசியில் நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். முறைப்படி தள்ளித் தள்ளி முன்னே வந்தாள்.

முதல் இடத்துக்கு வந்தபோது அவளுக்குப் பின்னால் நின்றது அழகுமலையின் வண்டி. வாழைத்தாரும் பையுமாக ஒரு அம்மா மாட்டுத்தாவணிக்குக் கேட்டு வந்தார். இத்தனை நாள் பழக்கத்தில் அழகுமலை, "இங்கிட்டு வாங்கம்மா" என்று தாரைக் கையில் வாங்கிக்கொண்டார்.

மீனா ஸ்டார்ட் லீவரை ஓர் இழு இழுத்தாள். வண்டி பிடித்துக்கொண்டது.

"தாரை இங்க வைங்கண்ணே" என்றாள் அவரிடம்.

அவர் வைத்தார்.