வேலியைத் தாண்டிய சிவப்பு நூல்

வெயிலில் காயும் ரப்பர் கட்டிப்பாலின் புளித்த நாற்றம் மூக்கில் ஏறினால் எனக்குப் பூகோளப் பாடம்தான் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள், மலாயாவில் லாபு என்ற ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சுவரில் மாட்ட ஒரு வரைபடம்கூடக் கிடையாது, அதனால் பக்கத்து ஊரான ராசாவிலிருந்து வந்த இளம் வாத்தியார், பால் கொட்டகைக்குப் பின்னால் தரையிலேயே எங்கள் தோட்டத்தைச் செய்யச் சொன்னார். அது வெள்ளைக்காரர்கள் மலாயாவில் அறிவித்திருந்த அவசரகாலம். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று நாங்கள் வரிசையாகக் குடியிருந்த "லயத்தை"ச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே கொண்டுபோகத் தடை விதித்திருந்தார்கள்.

நாங்கள் காலடி எண்ணி நடந்து அளந்து, களிமண்ணில் மேடும் ஓடையும் பிடித்து, ரப்பர் கொட்டைகளை வீடுகளாக அடுக்கி, சுற்றிலும் குச்சி நட்டு வேலி வைத்தோம்.

"அவங்கவங்க வீட்டிலேருந்து போற வழியை நூலால காட்டுங்க. கண்ணால பார்த்ததை மட்டும் போடணும்" என்றார் வாத்தியார்.

மற்ற பிள்ளைகள் குழாயடிக்கும் கோயிலுக்கும் நூல் விட்டார்கள். ஒன்பது வயதில் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு. வேலியின் பின்மூலை ஓட்டை வழியாக, அம்மா வெளியே திருட்டுத்தனமாகப் போட்டிருந்த "ஊபி" கொல்லைக்கு, அந்த மரவள்ளிக் கிழங்கு இருந்த இடம்வரை, சிவப்பு நூலை நீட்டிவிட்டேன். வாத்தியார் அதைப் பார்த்ததும் அவசரமாக எடுக்கக் குனிந்தார். அதற்குள் சோதனைக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியும் சிப்பாய்களும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

"யாரு போட்ட நூலு இது?" என்றார் கிராணி.

பால் வாளியோடு கொட்டகைக்கு வந்திருந்த அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்து, "வாயைத் தொறந்தே, உன்னை இல்லடி, என்னைத்தான் லோரியில ஏத்துவாங்க" என்று காதில் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"நான்தான் போட்டேன். பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் வாத்தியார்.

காட்டுக்குச் சோறு போகும் வழி என்று முடிவு கட்டி அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். சில மாதம் அடைத்து வைத்துவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேற்றியதாகப் பேசிக்கொண்டார்கள். அவர் பிறந்தது ராசாவில். இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை.

இன்று அங்கே லயமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, எல்லாம் செம்பனை. அம்மா சாகும்வரை நாங்கள் இருவரும் வாத்தியார் பேச்சை எடுத்ததில்லை. எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பிற்பாடு ராசா வழியாகப் பல வருஷம் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். ரோட்டோரம் இருந்த வாத்தியார் வீட்டு வாசலில் அவருடைய அம்மா நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள்கூட நான் இறங்கிப் போய் உண்மையைச் சொல்லவில்லை. இப்போது அந்த வீடும் இல்லை.