கால்விரலால் அரிச்சுவடி

நான் விழுந்ததும் கங்காணி மேலேயிருந்து கேட்ட முதல் கேள்வி, "பால் கொட்டிருச்சா?" என்பதுதான்.

"கொட்டிருச்சுங்க" என்றேன். சரிவில் உட்கார்ந்திருந்தேன். வாளி இரண்டு மரம் தள்ளிக் கீழே உருண்டு ஒரு வேரில் முட்டி நின்றிருந்தது. விடிந்ததிலிருந்து சிரட்டை சிரட்டையாகச் சேர்த்த இறப்பர் பால் சருகின் மேல் வெள்ளையாகப் பரவிக்கொண்டிருந்தது. இடது கணுக்கால் உள்பக்கமாக மடங்கியபோது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அதை என் காதால் கேட்டேன். கங்காணியிடம் அதைச் சொல்லவில்லை. அவரும் காலைப் பற்றிக் கேட்கவில்லை.

எங்கள் தோட்டம் கித்துல்கலைக்கு இந்தப் பக்கம், கேகாலை மாவட்டத்து மலைச்சரிவில் இருக்கிறது. கீழே ஆற்றில் வெளிநாட்டுக்காரர்கள் தலைக்குத் தொப்பியும் காலுக்குப் பட்டி வைத்த சப்பாத்தும் மாட்டிக்கொண்டு காற்றடைத்த படகில் கூச்சலிட்டபடி போவார்கள். மேலே நாங்கள் தேய்ந்த சிலிப்பரோடு பால் வெட்டுவோம். மழைக்காலத்தில் சிலிப்பர் வழுக்கும் என்று பலர் அதையும் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்கள்.

அதே கால் பிசகியது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் வைத்தியம் பார்த்தவர் என் கணவரின் அக்கா. மதினி என்று கூப்பிடுவேன். லயம் என்கிற வரிசை வீட்டில் எங்கள் காம்பராவுக்குப் பக்கத்துக் காம்பரா அவருடையது. நடுவில் ஒரு சுவர்தான். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூடாக ஊற்றி, நான் வாயில் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொள்கிற அளவுக்கு உருவி விடுவார். பிறகு துணியைக் கட்டி, "நடந்தாத்தான் நீர் எறங்கும்" என்பார். நடப்பேன். வீக்கம் பூசணிப்பிஞ்சு அளவுக்கு வரும். வலி கொஞ்சம் குறைந்ததும் மலை ஏறிவிடுவேன்.

இந்தத் தடவையும் அவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து முன்னால் உட்கார்ந்தார்.

"காலக் குடு."

"வேண்டாம் மதினி."

"என்னா வேண்டாம்? நாலு இழுப்பு இழுத்தா நரம்பு எடத்துல ஒக்காந்துரும்."

"ரெண்டு வாட்டி இழுத்தீங்க. ஒக்காந்துச்சா?"

மதினி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. ஒரே கூரையின் கீழ் அது சின்ன விஷயமில்லை. ஆனால் புதிதாக வீங்கிய காலில் சூடும் தேய்ப்பும் பட்டால் வீக்கம் ஏறுகிறது என்பதை என் கால் எனக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தது. மூன்றாவது தடவையும் கேட்காமல் இருக்க நான் தயாராயில்லை.

என் கணவர் சந்திக் கடையிலிருந்து சிவப்பும் பச்சையுமாக ஐஸ் பாக்கெட் வாங்கி வந்தார், பிள்ளைகள் உறிஞ்சுவார்களே, அதே ஐஸ்தான். துண்டில் சுற்றிக் கணுக்காலில் வைத்தேன். கொஞ்ச நேரம் வைப்பது, எடுப்பது, பிறகு மறுபடி. காலை அரிசி மூட்டைமேல் தூக்கி வைத்துப் படுத்தேன். பொழுது விடிந்து எழுந்து நின்றபோது ஊன்றி நாலு எட்டு வைக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு உடையவில்லை, எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நார் கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். இறுக்கிக் கட்டும் பட்டையைச் சுற்றிவிட்டு, உடற்பயிற்சி சிகிச்சை அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தது ஒரு சிங்களப் பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். எங்கள் பேச்சு சிங்களத்தில்தான் நடந்தது. நான் மிஸ் என்றேன், அவர் என்னை அக்கே என்றார்.

அதுவரை என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும், "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கேட்டிருந்தார்கள். அவர் அதைக் கேட்கவில்லை. முந்தின தடவைகளில் எத்தனை நாள் ஓய்வு எடுத்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அக்கே, இது மூணாவது வாட்டி பிசகினதுன்னு நெனைக்காதீங்க. மொத வாட்டி பிசகினதே இன்னும் ஆறலை" என்றார்.

பிறகு நல்ல காலில் என்னை நிற்கச் சொல்லி, கண்ணை மூடச் சொன்னார். ஆடாமல் நின்றேன். "கண்ணு பாக்காமலே தரை எங்க இருக்குன்னு இந்தக் காலுக்குத் தெரியுது. பிசகின காலுக்கு அது மறந்து போச்சு. வலி போனதோட நிறுத்திட்டா மறுபடி மடங்கும். திரும்பக் கத்துக் குடுக்கணும்" என்றார். வலி தாங்குகிற அளவுக்கு இப்போதே மெல்ல ஊன்றலாம், அசைக்காமல் போட்டு வைத்தால் இறுகிப் போகும் என்றும் சொன்னார்.

கற்றுக்கொடுக்கிற வழி இதுதான். உட்கார்ந்து, காலை நீட்டி, பெருவிரலைப் பேனாவாக நினைத்துக்கொண்டு காற்றில் எழுத்துகளை எழுத வேண்டும்.

"எந்த எழுத்து மிஸ்?"

"எதுனாலும் சரி. சிங்கள எழுத்து நல்லா வட்டமா இருக்கும், காலுக்கு நல்லது."

"நான் தமிழ்ல எழுதுறேன்."

"ஹரி, எழுதுங்க" என்று சிரித்தார். ஹரி என்றால் சரி.

கொஞ்சம் ஆறியதும் பாதத்தில் மாட்டி இழுக்க ஒரு இறப்பர் பட்டி வேண்டும், மருந்துக்கடையில் கிடைக்கும் என்றார். "நான் இறப்பர் பால் வெட்டுறவ மிஸ்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். வீட்டில் என் கணவர் பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் வெட்டிக் கொடுத்தார். அது போதுமாக இருந்தது. கால் முழுதாகச் சரியாகும்வரை சரிவில் வேலை கூடாது, சமதரையில் வேலை கொடுக்கவும் என்று டாக்டர் ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்திருந்தார்.

மறுநாள் வாசல் படியில் உட்கார்ந்து 'அ' எழுதினேன். 'ஆ' எழுதினேன். 'இ' எழுதும்போது மதினி வந்துவிட்டார்.

"காலால என்னா கோலம் போடுற?"

"எழுத்துப் பழகுறேன் மதினி. ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "எழுத்து சரஸ்வதிடி. புத்தகத்துல கால் பட்டாலே தொட்டுக் கும்புடுறோம். நீ காலாலயே எழுதுறியா? பிள்ளைங்க இருக்கிற வூடு."

"சரஸ்வதிக்கு என்மேல கோவம் வராது."

"நீ கண்டியா?"

"பத்தாம் வகுப்போட என்னைய நிறுத்திப் பால் வெட்டுற கத்தியக் கையில குடுத்தாங்களே, அன்னிக்கு வராத கோவமா இன்னிக்கு வரப்போகுது?"

மதினி குரலைத் தணித்து, "சரி, சிங்கள எழுத்தாச்சும் எழுது. அதுல சரஸ்வதி இருக்காதுல்ல" என்றார்.

நான் தமிழில்தான் எழுதினேன். உயிரெழுத்து முடிந்து உயிர்மெய்க்குப் போனேன். 'ப' சுலபம். 'ட' அதைவிடச் சுலபம். 'ழ' எழுத முடியவில்லை. கீழே சுழித்து உள்பக்கமாகத் திரும்பும் இடத்தில் ஊசி குத்துவதுபோல் வலிக்கும். பள்ளிக்கூடத்தில் வாயில் வராமல் அடி வாங்கிய எழுத்து, இப்போது காலிலும் வரமாட்டேன் என்றது. விடவில்லை. அரைகுறையாக எழுதினேன், பிறகு முழுதாக எழுதினேன்.

ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சிக்கு வந்தபோது பெரட்டுக்குப் போக ஆரம்பித்தேன். பெரட்டு என்பது காலையில் எல்லோரும் ஒன்றுகூடி அன்றைய வேலையை வாங்கிக்கொள்ளும் இடம். அங்கே வேலை பிரித்துக் கொடுப்பவரை ஐயா என்போம். டாக்டரின் துண்டை நீட்டினேன். அவர் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சமதரைக்கு நான் எங்க போறது? இது மலைத் தோட்டம்."

"ஸ்டோர்ல பால் உறைய வைக்கிற தட்டு கழுவுற வேலை இருக்குங்க ஐயா. இறப்பர் ஷீட்டுக் காயப்போடுற வேலை இருக்கு."

"அதுக்கு ஆள் இருக்கு. நீ வூட்ல இருந்து காலை ஆத்திக்கிட்டு வா."

வீட்டில் இருந்தால் அன்றைய பதிவில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. ஆனால் அதைவிட எனக்குள் எரிந்தது வேறு. முதல் இரண்டு தடவையும் நானாகவே வாயை மூடிக்கொண்டு மலை ஏறியதால்தான் இது இவ்வளவு தூரம் வந்தது. நான் வீட்டில் இருந்தால், வேலைக்கு வராதவள் நான் என்று ஆகும். பெரட்டில் நின்றால், வேலை கொடுக்காதவர் அவர் என்று ஆகும். அதனால் நின்றேன்.

தினமும் போனேன். சும்மா நிற்பதற்குப் பதிலாக, மிஸ் சொன்னபடி நின்றேன். சுவரில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு இடது காலில் நிற்பது. பிறகு விரலையும் எடுத்துவிடுவது. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஆண்கள் பொத்தாமலே சிரித்தார்கள். கொக்கு என்று பேர் வைத்தார்கள். ஒருவர் அதைப் போனில் எடுத்து, பின்னால் பக்திப் பாட்டு ஒன்றைச் சேர்த்து, தோட்டத்து வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார்.

"என்னா கூத்து இது? சாமி வந்து வரம் குடுக்கப் போகுதா?" என்றார் ஐயா.

"மருந்துங்க ஐயா. வேலை குடுத்தீங்கன்னா ஸ்டோர்ல நின்னு செஞ்சுக்குவேன்."

அந்த வீடியோ துரை பங்களா வரைக்கும் போயிருக்கிறது. ஒரு காலையில் துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை பெரட்டுக்கு வந்தார். புதிதாக வந்திருந்த சிங்கள இளைஞர். என்னைப் பார்த்து ஐயாவிடம் விசாரித்தார். "அவளுக்குக் கொஞ்சம் சுகமில்லை சார்" என்று ஐயா சிங்களத்தில் ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்தேன். சிங்களம் எனக்கும் வரும். சந்தையிலும் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் பேசிப் பழகிய சிங்களம். எனக்காக வேறொருவர் பேசத் தேவையில்லை.

கால் எப்படிப் பிசகியது, டாக்டர் என்ன எழுதினார், எத்தனை நாளாக இங்கே நிற்கிறேன், எல்லாம் சொன்னேன். "சார், விழுந்த எடத்தை ஒரு தரம் வந்து பாருங்க. மழையில பாதையோட ஓரம் கரைஞ்சு போய்க் கெடக்கு. மேல பன்னைச் செடி மூடியிருக்கு, கீழ குழி. பால் வாளியோட எறங்குறப்ப எங்களுக்குக் கால் தெரியாது, வாளிதான் தெரியும்" என்றேன்.

எனக்குப் பின்னால் நின்ற பெண் சிலிப்பரைக் கழற்றினாள். விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறிப் பிய்ந்திருந்தது. இன்னொருத்தி சேலையைக் கொஞ்சம் தூக்கினாள். அவள் கணுக்காலும் ஒரு பக்கம் தடித்திருந்தது. குதிகால் வெடிப்பில் இரத்தம் காய்ந்திருந்தவள் பக்கத்தில் வந்து நின்றாள். யாரும் யாரையும் அழைக்கவில்லை. அன்றைக்கு யாரும் சிரிக்கவும் இல்லை. சின்னத்துரை அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு ஐயாவைப் பார்த்தார்.

எனக்கு ஸ்டோரில் வேலை கிடைத்தது. நான் விழுந்த மேல்மலைப் பாதையை வெட்டிச் சீராக்கினார்கள். டிஸ்பென்சரியில் விரலிடுக்குப் புண்ணுக்குக் களிம்பு கொடுத்தார்கள். கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டுப் பூச வேண்டும், ஆறியது மாதிரி தெரிந்தாலும் உடனே நிறுத்தக் கூடாது என்பதை மட்டும் அங்கே சொல்லவில்லை. அதை நான் மிஸ்ஸிடம் கேட்டு வந்து சொன்னேன். சப்பாத்து கேட்டோம். பார்ப்போம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மதினியின் காலைப் பற்றியும் விசாரித்தேன். விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கட்டிலை விட்டு இறங்கும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். முதல் சில அடிகளைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வைப்பார். குதிகாலில் ஆணி ஏறியதுபோல் இருக்கும் என்று எப்போதோ சொல்லியிருந்தார். வயசானால் வருவது என்று அவரே முடிவு கட்டியிருந்தார்.

"வயசு இல்லையாம் மதினி. பாதத்துக்கு அடியில இருக்கிற நார் இழுத்துப் புடிக்குதாம். எழும்பி கால ஊன்றதுக்கு முன்னாடி விரலை மேல இழுத்துப் புடிக்கணுமாம். அப்பறம் சுவத்துல கைய வச்சு, கால பின்னால நீட்டித் தள்ளணுமாம். சிமெண்டுத் தரையில வெறுங்காலோட நடக்கக் கூடாதாம்."

"வூட்டுக்குள்ள செருப்பா?"

"ஆமா."

"சாமி படம் இருக்கு."

"சாமிக்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஒரு வாரம் அவர் எதுவும் செய்யவில்லை. பிறகு ஒரு காலையில் சுவர் லேசாக அதிர்ந்தது. எட்டிப் பார்த்தேன். மதினி இரண்டு கையாலும் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தார், வீட்டையே நகர்த்திவிடுவது போல. காலில் புதுச் செருப்பு. என்னைப் பார்த்ததும், "என்னா பாக்குற? போய் ஒன் வேலையப் பாரு" என்றார். மாதக்கணக்கில் தள்ளினார். இப்போது 'ஸ்ஸ்' சத்தம் எப்போதாவதுதான் வருகிறது.

கண்ணை மூடிக்கொண்டு இடது காலில் நிற்க முடிந்த பிறகுதான், மிஸ் சரி என்று சொன்ன பிறகுதான், மலை ஏறினேன். ஐயா அதற்கு முன்பே இரண்டு தடவை மலைக்குக் கூப்பிட்டார். இரண்டு தடவையும் மாட்டேன் என்றேன். அடுத்த மழையில் நனைந்த வேரில் கால் சறுக்கியது. நான் யோசிப்பதற்குள் கணுக்கால் தானாகவே நிமிர்ந்து தரையைப் பிடித்துக்கொண்டது. வாளியை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கீழ்மலைப் பாதையை இன்னும் வெட்டவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இப்போது நாங்கள் யாரும் அந்தப் பாதையில் வாளியோடு இறங்குவதில்லை. மலையைச் சுற்றி ரோட்டு வழியாக வருகிறோம். தூரம் கூடுதல். பால் நிறுக்கும் இடத்தில் ஐயா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், லேட்டாகுது என்று சத்தம் போடுகிறார். ஆமாங்க, லேட்டாகுது என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே நடந்து வருகிறோம்.